கிறிஸ்மஸ் நெரிசல்: முன்னுக்கு வைன் கடை, பின்னுக்கு 24 இருக்கை பார் – டிசம்பரை எப்பிடி ஓட்டுறது?

மூலைக்கடை | 3 நவம்பர் 2025, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். லண்டன் புறநகரில ஓஃப் லைசன்ஸா (வெளிய கொண்டுபோக மட்டும் மது விக்கிற கடை) இருந்த எங்கட கடை, இந்த வருசம் வைன் கடையும் பாரும் எண்டு மாறியிருக்கு. உள்ளுக்கு இருந்து குடிக்கவும் வெளிய கொண்டுபோகவும் இரண்டுக்கும் அனுமதி இருக்கு, இரவு 11 மணி வரைக்கும். முன்னுக்கு போத்தல் அடுக்கின தட்டுகள், பின்னுக்கு 24 இருக்கை, ஒரு கவுண்டர், ஒரு டில் (காசு வாங்கிற மெஷின்). 180 வகை வைன் வரும். சமையல் இல்லை, சீஸ் தட்டு மட்டும். பின்னேரத்தில இரண்டு பேர் வேலைக்கு நிப்பினம்.

கேள்விகள்: என்ன ஓடர் பண்ண, எப்ப பண்ண? கடையையும் பாரையும் ஒரே நேரத்தில எப்பிடிச் சமாளிக்க? கிளாஸ் விலை எப்பிடிப் போட? மல்ட் வைன் (மசாலா போட்டுச் சூடாக்கின வைன்) செய்யலாமா? புத்தாண்டு இரவு 1 மணி வரைக்கும் திறக்கலாமா? தெரிஞ்ச ஆக்கள் விவரமாச் சொல்லுங்கோ.

---

ஈலிங்_அக்கா | 3 நவம்பர், இரவு 11.25

தம்பி, சரக்கு ஓடரை விட அவசரம் உங்கட கவுண்டர்தான். டிசம்பரில பரிசுப் போத்தல் சுத்த ஒருத்தருக்கு மூன்று நிமிசம் பிடிக்கும். அந்த மூன்று நிமிசம் டில்லுக்கு முன்னால போச்சுதெண்டால் வரிசை கதவுக்கு வெளிய போகும். பின்னால மேசையில இருக்கிறவை இரண்டாவது போத்தல் கேக்க ஆளில்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டு எழும்பிப் போவினம். இந்தச் சில்லறை நட்டம் எந்தக் கணக்கிலயும் தெரியாது.

ஆகவே இப்பவே மூன்று வேலை. ஒண்டு, பாருக்கெண்டு கையில கொண்டு திரியிற கார்ட் மெஷின், சொந்த சிம்மோட. வைஃபை விழுந்தாலும் அது ஓடோணும். மேசை இலக்கத்தில பில்லைத் திறந்து வைக்கிற வசதியும் இருக்கோணும். இரண்டு, சுத்துற மேசை கவுண்டரில இருந்து தள்ளி. காசு குடுத்த பிறகுதான் போத்தல் அங்க போகும். டிஷ்யூ தாள், டேப், ஒரு போத்தல், இரண்டு போத்தல், மூன்று போத்தல் பெட்டிகள் எல்லாம் அங்கயே. பெட்டிகளை முதல் நாள் இரவே மடிச்சு வையுங்கோ. மூன்று, முன்கூட்டியே காசு கட்டின ஓடர்களை குடும்பப் பெயர் வரிசையில அடுக்கி, பெட்டியின்ர நெத்தியில பெயரும் 'காசு கட்டியாச்சு' எண்டதும் பெரிய எழுத்தில. எடுக்க வாறவர் டில் வரிசையில நிக்கத் தேவையில்லை. ஆனால் வயது பாக்கிறது பொருள் கை மாறேக்க. ஒன்லைனில காசு கட்டினதை வைச்சு விட்டுடாதேங்கோ.

பாரில கிளாஸ் பட்டியலைச் சுருக்குங்கோ. 180 வகையும் கடைக்குத்தான். டிசம்பர் வெள்ளி, சனி இரவுகளில கிளாஸுக்கு மூன்று வெள்ளை, மூன்று சிவப்பு, ஒரு ஸ்பார்க்லிங் (குமிழி வைன்), ஒரு போர்ட் (போர்த்துக்கல் இனிப்பு வைன்). அதுக்கு மேல போனால் திறந்த போத்தல்கள் பிரிட்ஜை நிரப்பும், ஊத்திறவர் ஒவ்வொரு தரமும் தேடிக்கொண்டு நிப்பார்.

---

தேறல் | 4 நவம்பர், காலை 8.15

அக்கா சொன்னதோட ஊத்துற அளவையும் சேர்த்துக்கிறேன். இங்கிலாந்துல திறந்து விக்கிற ஒயின் 125 மி.லி., 175 மி.லி., இல்லன்னா அதோட மடங்குதான். 250 சரி, ஏன்னா 125 இரண்டு. நிறைய புது பார்கள்ல '150 மி.லி. கிளாஸ்'னு மெனுல அழகா போட்டிருப்பாங்க, அது சட்டப்படி தப்பு. 75 மி.லி.க்குக் கீழ எவ்வளவு வேணும்னாலும் ஊத்தலாம். அதனால 50 மி.லி. மூணு கிளாஸ் வச்சு 'ருசி வரிசை' போட்டா பிரச்சினை இல்ல. கராஃபேன்னா (மேசையில வைக்கிற குடுவை) 250, 500, 750 மி.லி., 1 லிட்டர். 125 கட்டாயம் கிடைக்கணும், மெனுல தெரியணும், அளவு சொல்லாம கேக்கிறவங்ககிட்ட 'சின்னதும் இருக்கு'ன்னு சொல்லணும். இது லைசன்ஸோட கட்டாய நிபந்தனை.

இப்ப கணக்கு. 750 மி.லி. பாட்டில்ல 125ன்னா சரியா ஆறு. 175ன்னா நாலு, 50 மி.லி. மிச்சம். அந்த 50தான் உங்க பாதுகாப்பு. கண்ணளவுல ஊத்தி கிளாஸுக்கு 15 மி.லி. கூடிப் போச்சுன்னா நாலாவது கிளாஸ் தேறாது (190 × 4 = 760). நெரிசல்ல எல்லாரும் தாராளமாத்தான் ஊத்துவாங்க. அளவுக் கோடு போட்டு அரசு முத்திரை உள்ள கிளாஸ் வாங்குங்க, இல்லன்னா முத்திரை உள்ள அளவுக் குவளை. வேற வழி இல்ல.

கோராவின் மாதிரி ஆர்கான் வாயுக் கருவி (கார்க்கைத் திறக்காம ஊசி வழியா ஊத்துறது) வச்சிருந்தா திங்கள் முதல் புதன் வரைக்கும் ஓட்டுங்க. ஒரு சிலிண்டர் சுமார் 15 கிளாஸுக்கு வரும், ஆனா ஊசி வழியா ஒயின் மெதுவாத்தான் இறங்கும். வெள்ளி ராத்திரி எட்டு பேர் காத்திருக்கும்போது அதைக் கையில எடுக்கவே வேண்டாம். சாதாரணமா திறந்த பாட்டிலுக்குக் கழுத்துல தேதி, நேரம் எழுதின ஸ்டிக்கர். மூணாம் நாள் ருசி பாத்துட்டுத்தான் ஊத்தணும்.

---

கணக்குப்பிள்ளை | 4 நவம்பர், மதியம் 1.05

விலை கேட்டிருந்தீங்கள். வாட் (விற்பனை வரி) இல்லாமல் 9 பவுணுக்கு வாங்கின போத்தலை எடுப்பம்.

கடையில 30 சதவீத லாபத்துக்கு: 9 ÷ 0.7 = 12.86, அதோட 20 சதவீத வாட் = 15.43. தட்டில 15.50 எண்டு போடலாம்.

அதே போத்தலை உள்ளுக்கு இருந்து குடிச்சால் தட்டு விலையோட 12 பவுண் கோர்க்கேஜ் (உள்ளுக்கு இருந்து குடிக்கிறதுக்கான கூடுதல் கட்டணம்): 27.50. வாட் கழிச்சால் 22.92, அதில லாபம் 13.92, ஏறத்தாழ 61 சதவீதம்.

175 மி.லி. கிளாஸ் 8 பவுண்: நாலு கிளாஸ் 32, வாட் கழிச்சு 26.67, லாபம் 66 சதவீதம். 125 மி.லி. கிளாஸ் 6 பவுண்: ஆறு கிளாஸ் 36, வாட் கழிச்சு 30, லாபம் 70 சதவீதம். சின்ன கிளாஸ்தான் கூடின லாபம் தரும். ஆனால் ஆறு தரம் ஊத்தி ஆறு கிளாஸ் கழுவோணும், இரண்டு பேர் நிக்கிற கடையில அதுவும் சிலவுதான். நெரிசல் இரவில 'போத்தலா எடுங்கோ' எண்டு தள்ளுறது சோம்பேறித்தனம் இல்லை.

கோர்க்கேஜ் எல்லாப் போத்தலுக்கும் ஒரே தொகையா இருக்கட்டும். 60 பவுண் போத்தலுக்கும் 12 பவுண் எண்டால், நல்ல வைனை விரும்பிறவை அங்கதான் வருவினம். உங்களை மாதிரிக் கடைக்கு உணவகத்தை விட உள்ள ஒரே பலம் அதுதான்.

வரியையும் கவனியுங்கோ. 2025 பெப்ரவரி 1 தொடக்கம் வைனுக்கு டியூட்டி (மது வரி) உண்மையான ஆல்கஹோல் சதவீதப்படி போகுது. அதுக்கு முதல் 11.5 தொடக்கம் 14.5 வரைக்கும் எல்லாம் 12.5 எண்டே கணக்கு. 2025 இல 12.5 சதவீதப் போத்தலுக்கு 2.77 பவுணா இருந்தது, 14.5 சதவீதத்துக்கு 3.21 பவுண். போன வருசத்து விலைப் பட்டியலை வைச்சு ஷட்டோநஃப், ஒஸ்ட்ரேலியன் ஷிராஸ் மாதிரி ஆல்கஹோல் கூடின சிவப்பு எல்லாத்துக்கும் விலை போட்டால் கையைக் கடிக்கும். எவ்வளவு கழிவு குடுத்தாலும் டியூட்டியும் அதன் மேலான வாட்டும் சேர்ந்த தொகைக்குக் கீழ விக்கேலாது. 2025 இல 14.5 சதவீதத்துக்கு அது 3.85 பவுணா இருந்தது.

---

மதுரை_மார்கேட் | 4 நவம்பர், மாலை 6.30

மல்ட் ஒயின் கேட்டீங்களே, கண்டிப்பா பண்ணுங்க. சமையலறை இல்லாத கடைக்கு இதை விட நல்ல வியாபாரம் கிடையாது, வாசனையே ஆளைக் கூட்டி வரும். 10 லிட்டர் சூப் கெட்டில் வாங்குங்க. தண்ணித் தொட்டிக்குள்ள பாத்திரம் உக்கார்ற வகையா இருக்கணும். சூடாகிற கம்பி வெளியே தெரியுற டீ அர்ன் (டீக்குத் தண்ணி கொதிக்க வைக்கிற பாத்திரம்) வேண்டாம், சர்க்கரை கம்பியில ஒட்டிக் கருகிடும், அந்தக் கசப்பு அடுத்த சட்டி வரைக்கும் வரும். அலுமினியப் பாத்திரமும் கூடாது, ஒயின் புளிப்பு அதைத் தின்னும்.

முதல்ல பாகு, மேசை மேல வைக்கிற சின்ன மின் அடுப்பு போதும். சர்க்கரை 900 கிராம், தண்ணி 900 மி.லி., பட்டை 8 துண்டு, கிராம்பு 20, அன்னாசிப்பூ 6, நாலு ஆரஞ்சுப் பழத்தோட தோல் (வெள்ளைப் பகுதி வராம சீவணும்). 15 நிமிஷம் சின்னத் தீயில கொதிக்க விட்டு, ஆறினதும் வடிகட்டி ஃப்ரிட்ஜ்ல வைங்க. ஒரு வாரம் தாங்கும். கடை திறக்கும்போது 9 பாட்டில் சிவப்பு ஒயின் (6.75 லிட்டர்) + பாகு முழுசும். மொத்தம் 8 லிட்டருக்குக் கொஞ்சம் மேல வரும், 175 மி.லி.ன்னா 45 கப். ஜில்லுன்னு இருக்கிற ஒயினை சூடாக்க கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல எடுக்கும், அதனால அந்த அடுப்புல சூடாக்கி ஊத்துங்க. 65 டிகிரில நிறுத்துங்க. சுத்த ஆல்கஹால் 78ல கொதிக்கும், அதுக்கு முன்னாடியே ஒயின் காஞ்ச திராட்சை ருசிக்குப் போயிடும்.

ஏன் பாகை வடிகட்டச் சொல்றேன்னா, கிராம்பு நாள் முழுக்க கெட்டில்ல கிடந்தா அஞ்சு மணிக்கு மேல பல் டாக்டர் வீட்டு வாசனைதான். அழகுக்கு வேணும்னா கப்புல ஒரு ஆரஞ்சு வட்டம் போட்டுக் கொடுங்க. ஒயின் மெர்லோ, கர்னாச்சா மாதிரி மென்மையானது போதும். ஓக் பீப்பாயில கிடந்த ரியோஹா ரிசர்வாவை எல்லாம் ஊத்தினா சூட்டுல துவர்ப்புதான் தூக்கும். சல்ஃபைட் இருக்குன்னு அலர்ஜி அட்டையில எழுத மறக்காதீங்க.

---

ஈலிங்_அக்கா | 4 நவம்பர், இரவு 9.50

மல்ட் வைனை வாசலுக்குக் கிட்ட வையுங்கோ, பார்ப் பக்கம் வேண்டாம். பகல் 12 தொடக்கம் 6 வரைக்கும் கடைக்கு வாறவைக்கு வித்துப்போட்டு, பிறகு நிப்பாட்டலாம். பின்னேரத்தில கிளாஸ் வைனும் மல்ட் வைனும் சேர்த்து இரண்டு பேரால ஏலாது. ஒரு விசயம்: திறந்த கப்போட ஆக்கள் றோட்டுக்கு இறங்குவினம். உங்கட லைசன்ஸில 'வெளிய கொண்டுபோறது மூடின போத்தல் மட்டும்' எண்டு நிபந்தனை இருக்கா எண்டு முதலில பாருங்கோ.

ஓடருக்கு வாறன். 180 வகையையும் கூட்டி வாங்காதேங்கோ. ஆழமா வாங்க வேண்டியது பன்னிரண்டு வகை: புரொசெக்கோ (இத்தாலிக் குமிழி வைன்), கிரெமோ (ஷாம்பெயின் அல்லாத பிரெஞ்சுக் குமிழி வைன்), ஹவுஸ் ஷாம்பெயின், பெயர் தெரிஞ்ச ஷாம்பெயின் ஒண்டு, இங்கிலிஷ் ஸ்பார்க்லிங் ஒண்டு, ஷபிளி, நியூசிலாந்து சொவின்யோன் பிளாங்க், போர்தோ, ரியோஹா, பினோ நுவார், லேட் பொட்டில்ட் விண்டேஜ் போர்ட், 15 பவுணுக்கு உள்ள பொதுச் சிவப்பு ஒண்டு. மற்றது தட்டில இருக்கிற அளவு போதும். சொட்டேர்ன் (பிரெஞ்சு இனிப்பு வைன்) அரைப் போத்தல் ஒரு பெட்டிக்கு மேல எடுக்க வேண்டாம். போர்ட்டும் பரிசுப் பெட்டியும் 25க்குப் பிறகு நிண்ட இடத்தில நிக்கும். ஷாம்பெயினும் கிரெமோவும் 31 வரைக்கும் ஓடும், மிஞ்சினாலும் கெடாது. சந்தேகம் வந்தால் குமிழி உள்ளதைக் கூட்டி வாங்குங்கோ.

முதல் ஓடர் நவம்பர் 20க்குள்ள கடைக்கு வரோணும். கடைசி டெலிவரி எப்ப, ஜனவரியில எப்ப திறப்பினம் எண்டு ஒவ்வொரு சப்ளையரிட்டயும் எழுத்தில வாங்குங்கோ. 12 போத்தல் பெட்டி 15 கிலோவுக்கு மேல வரும். ஷாம்பெயின் கண்ணாடி தடிப்பு, ஆறு போத்தலே 10 கிலோவுக்குக் கிட்ட. கடதாசிப் பெட்டியை ஈரத் தரையில வைச்சு ஐந்துக்கு மேல அடுக்கினால் அடிப் பெட்டி குந்தும். கீழ பலகை போடுங்கோ.

---

மூலைக்கடை | 5 நவம்பர், காலை 7.10

எல்லாருக்கும் நன்றி. மொத்த வியாபாரி ஒருத்தர் ஷாம்பெயின் மற்ற எல்லாரையும் விட மலிவாத் தாறன் எண்டு வாட்ஸ்அப்பில கேக்கிறார். எடுக்கலாமோ? மற்றது, நத்தாருக்கு முதல் நாள்களில பாரை மூடி விடச் சொல்லி ஒருத்தர் சொன்னார்.

---

கணக்குப்பிள்ளை | 5 நவம்பர், காலை 7.45

அவரின்ர ஆல்கஹோல் மொத்த விற்பனைப் பதிவு இலக்கத்தைக் கேளுங்கோ. எச்.எம்.ஆர்.சி. (பிரித்தானிய வரித் திணைக்களம்) தளத்தில போட்டால் ஒரு நிமிசத்தில தெரியும். 2017 ஏப்ரல் தொடக்கம் பதிவில்லாத மொத்த வியாபாரியிட்ட வாங்கிறது வாங்கிற கடைக்காரருக்கும் குற்றம். தண்டமும் வரும், சரக்கும் போகும், லைசன்ஸும் ஆட்டம் காணும். இலக்கம் இல்லாத இன்வோய்ஸ் எண்டால் பதிலே போட வேண்டாம்.

---

மதுரை_மார்கேட் | 5 நவம்பர், காலை 11.20

23, 24 ரெண்டு நாளும் பாரை மூடிட்டு அந்த இடத்துல பெட்டி அடுக்குங்கன்னு நானும் சொல்வேன். அன்னிக்கு ஒரு மேசை ரெண்டு மணி நேரம் உக்காந்து ரெண்டு பாட்டில் குடிக்கிற இடத்துல, முன்பதிவு ஆர்டர் முப்பது நிக்கும்.

---

தேறல் | 5 நவம்பர், மதியம் 12.40

24க்கு ஒத்துக்கிறேன், 23க்கு மாட்டேன். 23 ராத்திரி ஊருக்கு வந்தவங்க எல்லாம் பழைய சிநேகிதங்களைப் பாக்கிற நாள். ஆறு மணி வரைக்கும் நாற்காலிகளைப் பின்னால ஏத்திட்டு ஆர்டர் பெட்டி வைங்க, ஆறு மணிக்கு பாரைத் திறங்க. நின்னு குடிக்கிற மேசை நாலு, மெனு ஒரு பக்கம், சீஸ் தட்டு கிடையாது. இந்த மாதிரி பாதி பாதியா ஓட்ட முடியறதுதானே ரெண்டும் சேர்ந்த கடையோட வசதி.

கிளாஸ் விஷயமும் சொல்லிடறேன், இதுதான் சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குக் கழுத்தைப் பிடிக்கும். 24 இருக்கைக்கு ஒயின் கிளாஸ் 72, ஃப்ளூட் (ஸ்பார்க்லிங்குக்கான ஒல்லி கிளாஸ்) 36 குறைஞ்சது. ஒரு செட் மேசையில, ஒரு செட் கழுவுற மெஷின்ல, ஒரு செட் ஆறிட்டு இருக்கணும். மெஷின்ல இருந்து சூடா வந்த கிளாஸ்ல குளிர்ந்த ஸ்பார்க்லிங் ஊத்தினா நுரை பொங்கி வழியும், சமயத்துல கிளாஸே விரிசல் விடும். ரின்ஸ் எய்ட் (மெஷின்ல கடைசி அலசலுக்குப் போடுற திரவம்) அளவு கூடினா ஃப்ளூட்ல குமிழியே நிக்காது, வாடிக்கையாளர் 'ஷாம்பெயின் செத்துப்போச்சு'ன்னு திருப்பிக் கொடுப்பார். மெஷின் உப்புத் தொட்டியை டிசம்பர் முதல் வாரமே நிரப்புங்க, இல்லன்னா லண்டன் தண்ணிக்கு கிளாஸ் முழுக்க வெள்ளைப் படலம்.

லாரில குலுங்கி வந்த ஷாம்பெயினை அன்னிக்கே திறக்காதீங்க. ஒரு நாளாவது நிக்கட்டும், 8 டிகிரிக்குக் கொண்டு வாங்க. உள்ளே வெளிக்காத்து அழுத்தத்தை மாதிரி சுமார் ஆறு மடங்கு அழுத்தம். கம்பியை ஆறு அரைச் சுத்து சுத்தும்போதே கட்டைவிரல் கார்க் மேல இருக்கணும், பாட்டிலை 45 டிகிரி சாய்ச்சு, கார்க்கைப் பிடிச்சு பாட்டிலைத் திருப்பணும். அவசரமா குளிர வைக்கணும்னா பாதி ஐஸ் பாதி தண்ணி, ஒரு கை உப்பு, 20 நிமிஷம். வெறும் ஐஸ்ல புதைச்சா பாட்டிலைச் சுத்தி காத்துதான் நிக்கும், நேரம் ரெண்டு மடங்கு ஆகும்.

---

ஈலிங்_அக்கா | 5 நவம்பர், இரவு 8.35

புத்தாண்டுக்கு: முதலில உங்கட லைசன்ஸை வாசியுங்கோ. சில பழைய லைசன்ஸில டிசம்பர் 31க்கெண்டு தனி வரி இருக்கும். இல்லையெண்டால் கவுன்சிலுக்கு தற்காலிக நிகழ்வு அறிவித்தல் குடுக்கோணும், கட்டணம் 21 பவுண். வேலைசெய்யிறவையையும் சேர்த்து 500 பேருக்குக் குறைவா இருக்கோணும், உங்களுக்கு அது பிரச்சினையே இல்லை.

ஆக்கள் வழுக்கி விழுறது நாள் எண்ணுறதில. பத்து முழு வேலைநாள் வேணும். அறிவித்தல் கிடைச்ச நாளும் நிகழ்வு நாளும் எண்ணிக்கையில வராது. சனி, ஞாயிறு, 25, 26 எல்லாம் வராது. இந்த 2025 ஆம் வருசம் எண்ணிப் பாத்தால் டிசம்பர் 12 வெள்ளிக்கிழமைக்குள்ள கவுன்சில் கையில இருக்கோணும். பிந்தினால் ஐந்து வேலைநாள் வகை இருக்கு, அதுக்கு 19ம் திகதி. ஆனால் அதில பொலிசோ சுற்றாடல் சுகாதாரப் பிரிவோ மறுப்புச் சொன்னால் விசாரணை இல்லாமல் அப்பிடியே விழும். ஒன்லைனில குடுத்தால் அவை இரண்டுக்கும் கவுன்சிலே அனுப்பும். தாளில குடுத்தால் நீங்கள்தான் அனுப்போணும்.

இரவு 11க்குப் பிறகு வெறும் போத்தல்களைத் தொட்டியில கொட்டாதேங்கோ. கன லைசன்ஸில அதுக்கு நேர நிபந்தனையே இருக்கு, இல்லாட்டியும் மேல் வீட்டுக்காரர் கவுன்சிலுக்கு எழுதிப்போடுவார். 240 லிட்டர் கண்ணாடித் தொட்டி நிரம்பினால் 100 கிலோவுக்குக் கிட்ட வரும், நத்தார் கிழமை லொறியும் வராது. இரண்டாவது தொட்டி இப்பவே சொல்லி வையுங்கோ.

---

மூலைக்கடை | 6 நவம்பர், காலை 6.55

12ம் திகதியை நாள்காட்டியில குறிச்சாச்சு. ஒரு கம்பனி 50 பேர் பார்ட்டிக்கு வைன் கேக்குது, மூன்று மணித்தியாலம். மிச்சத்தைத் திருப்பித் தரலாமா எண்டும் கேக்கினம். எவ்வளவு குடுக்க?

---

தேறல் | 6 நவம்பர், காலை 9.30

வரவேற்புக்கு ஸ்பார்க்லிங் ஒரு கிளாஸ்: பாட்டிலுக்கு ஆறு, அதனால 9 பாட்டில். அதுக்கு மேல ஆளுக்குக் கொஞ்சம் குறைய அரை பாட்டில்னு வச்சா 20 வரும். குளிர்காலம், சிவப்பு 12, வெள்ளை 8. ஆறு பாட்டில் பெட்டியா ரவுண்டு பண்ணி, சிவப்புக்கு மட்டும் ஒரு பெட்டி கூட வச்சு, ஸ்பார்க்லிங் 12, சிவப்பு 18, வெள்ளை 12 அனுப்புங்க, குடிச்சதுக்கு மட்டும் பில். ஓட்டுறவங்களுக்குக் குமிழித் தண்ணி, பழச்சாறு தனியா.

---

ஈலிங்_அக்கா | 6 நவம்பர், இரவு 10.15

திருப்பி எடுக்கிற நிபந்தனையை இன்வோய்ஸிலயே எழுதுங்கோ: திறக்காதது, லேபல் கிழியாதது, ஐஸ் வாளிக்குள்ள போகாதது. தண்ணியில ஊறின லேபல் அடுத்த நாள் உரிஞ்சு விழும், அந்தப் போத்தலைத் தட்டில வைக்கேலாது. வெள்ளையையும் ஸ்பார்க்லிங்கையும் அவை பிரிட்ஜில வைச்சால் பிரச்சினை இல்லை. கிளாஸ் வாடகைக்குக் குடுத்தால் உடைஞ்சதுக்கு ஒண்டுக்கு இவ்வளவு எண்டு முற்பணம். திருப்பிக் கொண்டுவாற திகதி 22க்கு முதலோ, இல்லாட்டி ஜனவரியோ. 23, 24 இல கொண்டுவந்தால் வைக்க இடமே இராது.

---

கணக்குப்பிள்ளை | 6 நவம்பர், இரவு 11.00

அந்தக் கம்பனி ஜனவரியில காசு தாறம் எண்டு சொல்லும். சம்மதிக்காதேங்கோ, பாதியை முற்பணமா வாங்குங்கோ. உங்கட வாட் காலாண்டு டிசம்பரோட முடியிறதெண்டால் பெப்ரவரி 7க்கு முழுக் கிறிஸ்மஸ் வியாபாரத்தின்ர வாட்டும் கட்டோணும், ஜனவரி டில் அதுக்குக் காணாது. ஒவ்வொரு திங்களும் கிழமை விற்பனையில ஆறில ஒரு பங்கை வேற கணக்குக்கு மாத்தி விடுங்கோ. மேசையில குடுக்கிற டிப்ஸ், கார்டில வந்தாலும், உங்களுடையது இல்லை: 2024 ஒக்டோபர் தொடக்கம் முழுவதும் வேலைசெய்யிறவைக்குத்தான், அடுத்த மாத முடிவுக்குள்ள பிரிச்சுக் குடுக்கோணும். 18 வயசு ஆகாத பிள்ளையளை உதவிக்குப் போட்டால் பெட்டி சுத்த விடுங்கோ. டில்லில நிண்டால் ஒவ்வொரு மது விற்பனைக்கும் பொறுப்பானவர் ஒருத்தர் தனித்தனியா சம்மதம் சொல்லோணும், சனிக்கிழமை அது நடக்காது.